மாரிக்கு முந்தின வளவுகள் – தம்பிலுவில்ல இருந்து ஏறாவூர் வரைக்கும்

வெள்ளி – தம்பிலுவில்

டொரொண்டோவுல இரிக்கிற தங்கச்சி கொஞ்ச நாளா படம் அனுப்பிக்கொண்டே இரிக்கா. மேப்பிள் இலை மஞ்சளாகி சிவப்பாகி வளவு முழுக்கக் கொட்டிக் கிடக்குது, தக்காளிக் கண்டெல்லாம் பிடுங்கியாச்சாம், டாலியாக் கிழங்கைக் கிண்டி பெட்டிக்குள்ள வச்சாச்சாம், வெள்ளப்பூடு மட்டும் நட்டு அதுக்கு மேல இலையைப் பரப்பி மூடி விட்டிரிக்கா, இனி பனி கரையிற வரைக்கும் தோட்டத்துக்கு லீவு. எங்கட பக்கம், இலங்கைட கிழக்குக் கரையில, அப்பிடியே தலைகீழ். புரட்டாதி முடிஞ்சு ஐப்பசி பிறந்து, தென்மேற்கால வீசுற கச்சான் காத்து நிண்டு, பின்னேரத்துல மேற்கால இடி இடிக்கத் தொடங்கினாத்தான் எங்கட ஆக்கள் மண்வெட்டியையே எடுப்பாங்க. வருசத்து மழையில பெரும்பங்கு கார்த்திகை, மார்கழி, தையிலதான் எங்களுக்கு. அதுக்கு முந்தி வாற இந்தக் கொஞ்ச நாள்ல ஒரு வளவை என்ன செய்து வைக்கிறமோ அதுதான் அடுத்த ஆவணி வரைக்கும் நிக்கும் எண்டு நான் நம்புறன், அதாலதான் நானும் மச்சாளும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர், தெரிஞ்ச ஆக்கள்ட வளவெல்லாம் பாத்து வருவம் எண்டு வெளிக்கிட்டம். இரவுல எங்க தங்குறமோ அங்க இருந்து எழுதுறன்.

முதல் பெரியம்மாட வளவு. தம்பிலுவில் மண் தெரியும்தானே, கடற்கரைக்குக் கிட்ட, சீனி மாதிரி வெள்ளை மணல், தண்ணி ஊத்தினா ஊத்தின கையோட கீழ போயிடும். அதுக்குள்ள இவட கத்தரிக்கண்டு மட்டும் எப்பிடி இப்பிடிக் கறுகறு எண்டு நிக்குது எண்டு கேட்டன். "வா மனே காட்டுறன்" எண்டு பாத்திக்குள்ள குந்தி கையால கிண்டினா. மேல காஞ்ச மா இலையும் பலா இலையும், அதுக்குக் கீழ நரம்பு மட்டும் மிஞ்சின இலை, வெள்ளை நூல் மாதிரி பூஞ்சணம் ஓடிக் கிடக்குது, அதுக்கும் கீழ ஒரு கைப்பிடி ஆழத்துக்குக் கோப்பி நிறத்துல ஈரமான மண். மூக்குக்குக் கிட்டப் பிடிச்சா முதல் மழை மணக்கிற மணம். ஒரு முழம் தள்ளி நடைபாதையில கிண்டினா அதே பழைய வெள்ளை மணல். ஒரே வளவு, ஒரே மணல், வித்தியாசம் பெரியம்மாட கைதான்.

தென்னை ரெண்டுக்கு நடுவுல முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, வருசம் முழுக்கக் கூட்டுற சருகு, மீன் கழுவின தண்ணி, மரக்கறித் தோல், கரைச்ச சாணி எல்லாம் அதுக்குள்ளதான் போடுறா. ஐப்பசியில மணல் போட்டு மூடிடுவா. மாரி முழுக்க ஊறும். தை கழிச்சு அதுக்கு மேல பூசணியும் வத்தாளைக் (சர்க்கரைவள்ளி) கொடியும் போடுவாவாம். தென்னையைச் சுத்தி அஞ்சு ஆறு அடி தள்ளி வட்டமா வெட்டி உரிமட்டையை அடுக்கிப் புதைச்சிரிக்கா, மட்டை மழைத்தண்ணியை உறிஞ்சி வச்சு வெயில் காலத்துல வேருக்குக் குடுக்கும், பொட்டாசியமும் அதுக்குள்ள நல்லா இரிக்கு, உக்க உக்க அதுவும் மரத்துக்குத்தான்.

ஒழுங்கைக்கு ஒழுங்கை பின்னேரமானா சருகைக் குவிச்சு நெருப்பு வைக்கிறதக் கண்டா எனக்கு வயிறு எரியும். காசு குடுத்து உரம் வாங்குற ஆக்களும் அதைத்தான் செய்யிறாங்க. பெரியம்மாட வளவுல நெருப்பு வைக்கிற இடமே இல்ல.

சனி – அக்கரைப்பற்று, காரைதீவு

அக்கரைப்பற்றுல ஒரு ராத்தாட வீடு, மச்சாளோட ஒண்டா வேலை செய்தவ. வீடு கட்டி முடிய மிஞ்சின நிலம் ஒரு கட்டில் அகலம்தான், மிச்சம் எல்லாம் சீமெந்து. "நிலம் இல்லையே எண்டு கவலைப்பட்டா கறிவேப்பிலையும் கடையிலதான் வாங்கோணும்" எண்டு சொல்லி மொட்டை மாடிக்கு ஏத்திக்கொண்டு போனா. பெயின்ட் வாளி, உர பேக், உடைஞ்ச வாஷிங் மெஷின்ட உள் டப்பா, எல்லாத்துலயும் கண்டு. கொச்சிக்காய் (மிளகாய்), புதினா, ரம்பை, வல்லாரை, முளைக்கீரை, ஒரு தேசிமரம் கூட வாளிக்குள்ள நிண்டு காய்க்குது.

இவட்ட நான் படிச்சது ஓட்டை. வெயில் காலத்துல வாளியில அடியில இருந்து ரெண்டு விரல் உயரத்துல பக்கவாட்டாத்தான் ஓட்டை இரிக்கும், அடியில கொஞ்சம் தண்ணி தேங்கி நிண்டா கண்டு பகல் முழுக்கத் தாங்கும். ஐப்பசியில ஒரு ஆணியைக் காச்சி எல்லா வாளிக்கும் அடியிலயும் ஓட்டை போடுறா, இல்லாட்டி மாரியில வேர் அழுகிடும். தை போக அடி ஓட்டையை ஒரு துணித்துண்டால அடைச்சிடுவா. வாளியை ரெண்டு செங்கல்லுக்கு மேல தூக்கி வைக்கிறதும் அதுக்குத்தான். எவ்வளவு சின்ன வேலை, ஆனா எனக்கு இது மிச்சம் பெரிய விசயமாப் பட்டுது, தண்ணி எங்க நிக்கோணும் எங்க போகோணும் எண்டு காலத்துக்குக் காலம் மாத்திக்கொண்டே இரிக்கிறா.

நத்தைக்கும் ஒரு வழி சொன்னா. முதல் மழையோட பெரிய ஆபிரிக்க நத்தை கிளம்பி நாத்தையெல்லாம் ஒரு ராவுல மேஞ்சிடும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச வலி. பின்னேரத்துல பப்பாசி இலையைக் கிழிச்சு மூலையில போட்டு வச்சா நத்தை அதுக்குத்தான் போகும், ரவைக்கு டோர்ச் அடிச்சுப் பொறுக்கி உப்புத்தண்ணி வாளிக்குள்ள போடுறது. உப்பைக் கொண்டுபோய் மண்ணுல தூவாதீங்க, நத்தையோட சேந்து மண்ணும் கெட்டுப் போகும். வெறுங்கையால பிடிக்கவும் வேணாம், ஒரு பேக்கை மாட்டிக்கொள்ளுங்க.

சாப்பிடாம விடமாட்டன் எண்டு பிடிச்ச பிடியில நிண்டதால காரைதீவுக்கு வர மூண்டு மணியாச்சு. விபுலானந்த அடிகள் 1892ல பிறந்த ஊர். இங்க மச்சாள்ட மாமி ஒருத்தி கோயிலுக்குப் பூக்குடுக்கிறதுக்கெண்டே வளவு வச்சிரிக்கா, கந்தசஷ்டிக்கு மாலை கட்டோணும் எண்டு இப்பவே பரபரப்பா நிக்கிறா. நந்தியாவட்டை, செவ்வரத்தை, மல்லிகை, அலரி எல்லாம் நிலத்துல, செவ்வந்தி மட்டும் சட்டியில, தாழ்வாரத்துக்குக் கீழ.

செவ்வந்தி ஏன் இந்தக் காலத்துல மொட்டு வைக்குது எண்டு மாமிக்கும் எனக்கும் நல்ல கதை. அது பகல் குறைய, இரவு நீளத்தான் மொட்டுக் கட்டும். டொரொண்டோவுல ஆனியில பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல, மார்கழியில 9 மணித்தியாலம் அளவுதான், அதால அங்க செவ்வந்தி இலையுதிர் காலத்துப் பூவாவே நிக்குது. தங்கச்சிட வாசல் படியில பூசணிக்காயோட சேத்து வச்சிரிக்கிறதும் அதுதான். எங்களுக்குக் கூடின பகலுக்கும் குறைஞ்ச பகலுக்கும் இடையில ஒரு மணித்தியாலம் கூட வித்தியாசம் வராது. இங்க அதுக்கு இரவு நீளுறதை விட மழைதான் பெரிய பிரச்சினை, பூவுக்குள்ள தண்ணி நிண்டா ரெண்டு நாள்ல கறுத்துப் போகும். அதாலதான் தாழ்வாரம். மொட்டு வந்த பிறகு தண்ணியை மண்ணுக்கு மட்டும் ஊத்துறா, தலைக்கு ஊத்துறதே இல்ல. தங்கச்சிக்கு மாமிட செவ்வந்திப் படத்தை அனுப்பினன், உடனே அவட படியில இரிக்கிற செவ்வந்திப் படம் வந்திச்சு. மாமி போனை வாங்கிக் கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தா.

ஞாயிறு – களுதாவளை

கல்முனையைத் தாண்டி வரக்குள்ள வெயில் நல்லா ஏறிட்டுது. மருதமுனை, பெரியகல்லாறு, களுவாஞ்சிகுடி எல்லாம் நிக்காமலே கடந்தம், களுதாவளைக்கு நேரம் வேணும் எண்டு.

களுதாவளைக்குப் போறது எனக்குக் கோயிலுக்குப் போற மாதிரி. வெத்திலைக்கும் கொச்சிக்காய்க்கும் மரக்கறிக்கும் பேர் போன ஊர், ஆனா மண்ணைப் பாத்தா கடலுக்கும் வாவிக்கும் நடுவுல ஒரு மணல் திட்டி, அவ்வளவுதான். இவங்க வீட்டுத்தோட்டம் எண்டு சொல்றது எங்களுக்கு ஒரு பண்ணை. நாங்க போன வீட்டு ஐயா அறுபது தாண்டினவர், பல்லு முழுக்கச் சிவப்பு, வளவுக்குள்ள கால் வைக்க முந்தி செருப்பைக் கழட்டச் சொன்னார். வெத்திலைக் கொடிக்காலுக்குள்ள போனா வெளியில இருந்த வெயில் அப்பிடியே நிண்டு போகுது, கிடுகும் கிளிசிரியா மரத்து இலையும் மேல, பச்சை வெளிச்சம், காலுக்குக் கீழ குளிர்.

கொடிக்கு ரெண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டித் துப்பரவு பண்ணிக்கொண்டு நிண்டார். வெத்திலைக்குத் தண்ணி ஒவ்வொரு நாளும் வேணும், ஆனா அடியில தண்ணி நிக்கவும் கூடாது, நிண்டா அடி அழுகல் வந்து ஒரு கொடி சாய, அடுத்த கொடியும் சாயும். மாரிக்கு முந்தி வாய்க்காலை ஒரு சாண் ஆழமாக்கி வாவிப் பக்கம் சரிவு வச்சு விடுறார். மேல போட்டிருந்த கிடுகையும் கொஞ்சம் ஐதாக்குறார், மப்பு வானத்துக்கு அவ்வளவு நிழல் வேணாமாம்.

நாத்துமேடை இன்னொரு பாடம். கொச்சிக்காய் விதை போட முந்தி மேடைக்கு மேல வைக்கோலும் உமியும் பரப்பி எரிச்சு, மேல் மண்ணுல இரிக்கிற அழுகல் பூஞ்சணத்தைக் கொல்றாங்க. சருகு எரிக்கிறது பிழை எண்டு முந்தாநாள் எழுதின நான் இதை மனசார ஒத்துக்கொள்றன், இது ஒரு பாய் அகலத்து இடம், நாத்தைக் காப்பாத்துறதுக்கு. மேடை நிலத்தை விட ஒரு சாண் உயரம், மேல பொலித்தீன் கூடாரம், ரெண்டு பக்கமும் காத்துப் போக விட்டு.

பிறகு கிணத்தடியில குந்தியிருந்து கதைச்சம். கொட்டு இறக்கின கிணறு, பத்து அடி கூட இல்ல, தண்ணி தேத்தண்ணிக்குக் கூட நல்லம். கடல் கூப்பிடு தூரத்துல கிடக்க இது எப்பிடி நல்ல தண்ணி? இந்த மணல் திட்டியில பெய்யிற மழை கீழ இறங்கி, அடியில இரிக்கிற உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது, நல்ல தண்ணி பாரம் குறைவு எண்டதால. ஏட்டுக் கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா கீழ நாப்பது அடிக்கு அது உப்பைத் தள்ளி வச்சிரிக்கும். அதையே மறுபக்கமாப் பாருங்க, பம்ப் போட்டு மேல ஒரு அடியை இறக்கினா கீழ உப்பு எவ்வளவு ஏறும் எண்டு. ஐயாக்கு இந்தக் கணக்கு வேணாம், அவருக்கு நாக்கே காணும். "ஆவணியில தண்ணி கொஞ்சம் கரிச்சா மோட்டரை நிப்பாட்டிடுவன் புள்ள, மறுகா வாளிதான்" எண்டார்.

இதைக் கேட்ட பிறகு வளவு முழுக்கச் சீமெந்து கல்லுப் பதிக்கிற எங்கட புதுப் பழக்கம் இன்னும் கவலையாக் கிடந்துது. கூரையில விழுற மழையும் முத்தத்துல விழுற மழையும் குழாயால ரோட்டுக் கானுக்கு, கானால வாவிக்கு, வாவியால கடலுக்கு. பிறகு ஆடியில கிணறு கரிக்குது எண்டு போத்தல் தண்ணி வாங்குறம். கூரைத் தண்ணி விழுற இடத்துல ஒரு குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டு விட்டாக் காணும், மண் குடிக்கும். ஐயாட வளவுல அப்பிடி நாலு மூலையிலயும் குழி இரிக்கு, அதுக்குப் பக்கத்துலதான் அவர்ட வாழை.

வரக்குள்ள ஒரு கவுளி வெத்திலையும் ஒரு கட்டு கொடித்துண்டும் தந்தார், காசு குடுக்கப் போக முகம் கோணிட்டுது.

திங்கள்

மழை. விடிய நாலு மணிக்குப் பிடிச்சது இன்னும் விடல்ல. குருக்கள்மடத்துல மச்சாள்ட சிநேகிதி வீட்டுலதான் நிக்கிறம். இண்டைக்கு ஒரு வளவும் பாக்கல்ல, ஆனா ஜன்னலால தண்ணி எந்தப் பக்கம் ஓடுது எண்டு பாத்துக்கொண்டே இருந்தம், குடையோட போய் அவட பாத்திக்கு ரெண்டு இடத்துல கரை வெட்டி விட்டம். சோறும் முருங்கையிலைச் சொதியும் மீன் ஆணமும்.

செவ்வாய் – கொக்கட்டிச்சோலை

மண்முனைப் பாலத்தால வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரைக்கு. 2014ல பாலம் திறக்க முந்தி பாதை எண்டு சொல்ற மிதவையில ஏறித்தான் வாவியைக் கடக்கோணும், ஸ்கூட்டியையும் ஏத்திக்கொண்டு. மழை விட்டு வானம் கழுவி விட்ட மாதிரி. அங்கால கால் வைச்ச உடனே மண் மாறிட்டுது, மணல் முடிஞ்சு களி. வயல் வட்டையில எல்லாம் பெரும்போகத்துக்கு உழுது விதைக்கிறாங்க, ட்ராக்டருக்குப் பின்னால கொக்கு வரிசை.

கடல் பக்கத்து எழுவான்கரையில தண்ணி நிக்காதது பிரச்சினை, இங்க போகாதது. தாந்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு அங்கால ஒரு அக்காட வளவு, கண்டு எல்லாம் இடுப்பு உயர மேட்டுல நிக்குது. குளத்துப் பக்கம் வெட்டின மண்ணை வைக்கோலும் எருவும் கலந்து மேடு மேடாக் குவிச்சிரிக்கா, ஒவ்வொரு மேட்டுலயும் வெண்டி, பயத்தங்காய், கொச்சிக்காய். மேடுகளுக்கு நடுவுல தண்ணி நிக்கும், அதுக்குள்ள பொன்னாங்காணியும் சேம்பும் தன்பாட்டுல வளருது. எங்கட மணல்ல இந்த மேட்டைப் போட்டா ரெண்டு நாள்ல காஞ்சு சாகும். பெரியம்மாட வாய்க்காலை இங்க வெட்டினா அது கிடங்காகும். ஒரு வடிவான தோட்டத்தைப் பாத்து அதே மாதிரி வைக்க ஆசைப்படுற ஆக்களுக்கு நான் சொல்றது இதுதான், கண்டைப் பாக்க முந்தி அந்த வளவுல மழைத்தண்ணி என்னவாகுது எண்டு கேளுங்க.

வாழை ஒண்டு கூட இல்லையே அக்கா எண்டு மச்சாள் கேட்டா. "வாழை வச்சா ராவைக்கு விருந்தாள் வரும்கா" எண்டு சொன்னா அந்த அக்கா. யானை. படுவான்கரையில கனக்க ஊருல இதுதான் நிலமை, வெல்லாவெளி, போரதீவுப் பக்கம் ஆக்களும் செத்திரிக்காங்க, யானையும் செத்திரிக்கு. அதால இவ வேலிக்கரை முழுக்கத் தேசிமரம், உள்ளுக்குக் கொச்சிக்காயும் மஞ்சளும், யானை விரும்பாத சாமானாப் பாத்துத்தான் தோட்டமே போட்டிரிக்கா. சோளனும் மரவள்ளியும் வைக்க ஆசைதான் எண்டு சொல்லக்குள்ள அவட முகத்தைப் பாக்க ஏலாமக் கிடந்துது.

வேலியில கார்த்திகைப்பூக் கொடி ஏறி மொட்டு வச்சிரிக்கு. கோடை முழுக்க நிலத்துக்குக் கீழ கிழங்காக் கிடந்து, மழை விழுந்த கையோட தலை காட்டுற கொடி இது. இலை நுனியே சுருண்டு வேலியைப் பிடிச்சு ஏறுது. பூ முதல் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு கீழ மஞ்சளும் மேல சிவப்பும். மேப்பிள் இலையிலயும் இந்த ரெண்டு நிறமும்தான் எண்டு யோசிச்சன். அங்க பச்சையம் கரையக்குள்ள உள்ளுக்கு ஏற்கனவே இருந்த மஞ்சள் தெரியுது, சிவப்பு மட்டும் அந்த நேரத்துல புதுசா உண்டாகுது. இங்க சாகப்போற இலையில இல்ல, புதுசா வந்த பூவுல அந்த நிறம். சின்னப்பிள்ளைகள் இரிக்கிற வீட்டுல கவனம், கிழங்கு கடும் நஞ்சு, வத்தாளை எண்டு நினைச்சுக் கிண்டிட வேணாம்.

புதன் – கல்லடி

ஒரு ரிட்டயர்ட் டீச்சர்ட வளவு, கடலுக்குக் கிட்ட. 2004 மார்கழி 26ல இந்த இடம் முழுக்கக் கடல் ஏறின இடம். அந்த வளவுல அதுக்கு முந்தி நிண்டதுல மிஞ்சினது ஒரு பூவரசும் ரெண்டு தென்னையும்தான். கிணறு உப்பாகி, இறைச்சு இறைச்சுப் பாத்தும் சரிவரல்லயாம், அடுத்தடுத்த மாரி பெஞ்சுதான் உப்பைக் கழுவிச்சுதாம். அந்தத் தென்னை ரெண்டும் 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு அவட அப்பா நட்டது. அந்த ராவு ஊருல நிண்ட தென்னையெல்லாம் முறிஞ்சு, விடியப் பாத்தா வானம் மட்டும்தான் தெரிஞ்சிச்சு எண்டு சொன்னா.

அவ இப்ப கடல் பக்கம் பூவரசையும் அதுக்கு உள்ளால முருங்கையையும் கிளிசிரியாவையும் வரிசையா வச்சு, அதுக்குப் பின்னாலதான் மரக்கறி. உப்புக்காத்தை முதல் வரிசை வாங்கிக்கொள்ளுது. வாடைக்காத்து தொடங்க முந்தி, அதாவது இப்ப, முருங்கையை ஆள் உயரத்துல வெட்டி விடுறா, காத்துக்கு முறியாது, தையில புதுக்கொப்பு வெடிச்சு எட்டுற உயரத்துல காய்க்கும். வெட்டின கொப்பை எனக்குத் தந்தா, கை மொத்தத்துல, என்ட உயரத்துக்கு. மழைக்கால மண்ணுல சும்மா ஊண்டினாலே பிடிச்சிடும். டீச்சர்ட தோட்டம் பாக்கிறதுக்குப் பெரிய வடிவு இல்ல, வரிசை கோணல், பூக்கண்டும் குறைவு. ஆனா இந்தப் பயணத்துல எனக்கு மனசு நிறைஞ்ச இடம் அதுதான்.

வியாழன் – ஏறாவூர்

செங்கலடி, வந்தாறுமூலை வரைக்கும் போகத்தான் யோசிச்சம், பின்னேரம் மழை இறங்கிடும் போல கிடந்ததால ஏறாவூரோட நிப்பாட்டினம். இங்க மச்சாளுக்குத் தெரிஞ்ச ஒரு சாச்சிட பாகல் பந்தல். பிஞ்சு விரல் அளவுல இரிக்கக்குள்ளயே பழைய பேப்பரைக் குழாய் மாதிரிச் சுத்தி, ஈர்க்கு குத்தி மாட்டி விடுறா, பழ ஈ முட்டை வைக்க வழியில்ல. மாரியில பேப்பர் நனைஞ்சு கிழியும் எண்டதால இப்ப தயிர்ச்சட்டி மூடி வாற மெல்லிய பொலித்தீன், அடி ரெண்டு பக்கமும் திறந்து. பந்தல் காலுல ஆண் ஈக்களை இழுக்கிற பொறியும் தொங்குது. அழுகின காயைப் பந்தலுக்குக் கீழ விடாதீங்க எண்டு நாலுதரம் சொன்னா, புழு மண்ணுக்குள்ள போய்க் கூடு கட்டித் திரும்ப ஈயாத்தான் வரும், அதால பொறுக்கி ஒரு பேக்குக்குள்ள கட்டி வெயில்ல போடுறா.

எங்கட பேக்கைத் திறந்து பங்கு பிரிச்சம். களுதாவளைக் கொடித்துண்டுல பாதி சாச்சிக்கு, முருங்கைக் கொப்பு ஒண்டு, காரைதீவு மாமிட செவ்வந்திப் பக்கக்கண்டு ஒண்டு. அவ சாம்பல்ல பிரட்டின பாகல் விதை ஒரு போத்தல் மூடி நிறையத் தந்தா. தம்பிலுவில் வத்தாளைக் கொடி வேணும் எண்டு கேட்டா, பெரியம்மாக்கு இப்பவே கோல் எடுத்துட்டன், நுனிக்கொடி ஒரு அடி நீளத்துல வெட்டி ஈரச்சாக்குல சுத்தி நாளைக்குக் காலமை பஸ்ஸுல போட்டு விடுவா. சாச்சி வரம்பு கட்டி முடிச்சிட்டா, நல்ல உயரமா, ரெண்டு பக்கமும் வாய்க்காலோட.